கிணற்றடிக் கணக்கெடுப்பு: எந்த வரைபு போடுவது, ஆச்சி சொன்னதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

ஒழுங்கைக் கிணறு:

எல்லோருக்கும் வணக்கம். நான் டிப்ளோமா கடைசி வருடம் படிக்கிறேன். யாழ்ப்பாணத்தில், வலிகாமப் பகுதியில் எங்கள் ஊரில் 40 வீடுகளுக்குப் போய், கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டு எழுதினேன். போனது ஆவணி மாதம், நல்ல வெயிலுக்குள்ளே. இப்போது மார்கழி. அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதி எங்கள் ஆசிரியரிடம் கொடுத்தேன், சிவப்புப் பேனாவால் நிறைந்து திரும்பி வந்தது.

பிழை இரண்டு இடத்தில். ஒன்று, "இந்தத் தண்ணீரை எதற்குப் பாவிக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு நான் போட்ட வட்ட வரைபு. குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் 38 வீடு, தோட்டத்துக்கு 22, சமையலுக்கு 19, குடிக்க 12, ஆடு மாட்டுக்கு 4. எக்செல்லில் போட்டேன், பார்க்க வடிவாகத்தான் இருந்தது. பக்கத்தில் "இது பொய்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. நான் ஒரு எண்ணையும் மாற்றவில்லையே.

மற்றது ஆங்கிலம். ஓர் ஆச்சி "நான் இந்தத் தண்ணியைக் குடிக்கிறதில்லை" என்று சொன்னா. நான் எழுதியது: "ஷீ டோல்ட் தட் ஐ ஆம் நொட் ட்ரிங்கிங் திஸ் வோட்டர்." அதன் கீழே மூன்று கோடு. தெரிந்தவர்கள் கொஞ்சம் விளங்கப்படுத்துங்கோ.

சட்டம்பியார்:

பிள்ளை, வரைபைப் பற்றி நான் சொல்கிறேன், ஆங்கிலத்துக்கு ரீச்சர் வருவா.

உங்கள் எண்களைக் கூட்டிப் பாருங்கள். 38, 22, 19, 12, 4. மொத்தம் 95. ஆனால் வீடு 40தான். ஒரு வீடு குளிக்கவும் பாவிக்கும், சமைக்கவும் பாவிக்கும், அதனால் இரண்டு மூன்று இடத்தில் எண்ணப்படும். கேள்வி அப்படி, அதில் குற்றம் இல்லை. ஆனால் எக்செல்லுக்கு அது தெரியாது. அது 95ஐ முழு வட்டமாக எடுத்து, குளிக்கிறதுக்கு 40 சதவீதம் என்று எழுதியிருக்கும். உண்மை என்ன? 40 வீட்டில் 38, அதாவது 95 சதவீதம். குடிக்கிற வீடுகளுக்கு 13 சதவீதம் என்று காட்டியிருக்கும், உண்மையில் 30. எண்ணை நீங்கள் மாற்றவில்லை. வட்டம் மாற்றிவிட்டது. அதைத்தான் பொய் என்று எழுதியிருக்கிறார்.

வட்ட வரைபு, ஒரு முழுமையைத் துண்டு துண்டாகப் பிரிக்கும்போது மட்டும். ஒவ்வொரு வீடும் ஒரு துண்டுக்குள் மட்டும்தான் விழ வேண்டும். "கிணறு யாருடையது: சொந்தம், பங்கு, பொது" என்று கேட்டிருந்தால் வட்டம் பொருந்தும். அதற்கும் மூன்று நான்கு துண்டுக்கு மேல் போனால் கண் தடுமாறும். 1984 இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே கோட்டில் தொடங்கும் நீளங்களை மனிதர் நன்றாக ஒப்பிடுகிறார்கள், கோணத்தை ஒப்பிடும்போது அதைவிடக் கூடுதலாகப் பிழை விடுகிறார்கள்.

ஆகவே உங்களுக்குச் சலாகை வரைபு. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பட்டை வரைபடம் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். சலாகைகளைப் படுக்கையாகப் போடுங்கள். நிமிர்த்திப் போட்டால் "உடுப்புத் தோய்க்க" என்ற பெயர் கீழே சரிந்து நிற்கும், வாசிக்கிறவர் கழுத்தைச் சாய்க்க வேண்டும். தமிழ்ச் சொல் நீளம், அதற்கு இடம் கொடுக்க வேண்டும். பெரியதை மேலே வைத்து வரிசைப்படுத்துங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் போதும். அச்சை 40 வரை நீட்டுங்கள், அப்போது 38 எவ்வளவு நிறைவு என்று தெரியும்.

ஒழுங்கைக் கிணறு:

நன்றி ஐயா. வெட்கமாக இருக்கிறது, 95ஐ நான் கூட்டியே பார்க்கவில்லை. இன்னொன்று. எங்கள் வீட்டுக் கிணற்றில் மாதம் ஒருதரம் கருவியால் மின்கடத்துதிறன் அளந்து வைத்திருக்கிறேன், உவரைக் காட்டும் அளவு அது. தை முதல் மார்கழி வரை 12 எண். அதற்கும் சலாகையா?

தோட்டக்காரன்:

தங்கச்சி, அதற்குக் கோட்டு வரைபு. மாதம் மாதமாக ஏறி இறங்குவதைக் கண் தொடர்ந்து போக வேண்டும். வரைபு என்ற வேலையைப் பெரிதாகத் தொடங்கி வைத்தவர் வில்லியம் பிளேஃபெயர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், 1786 இல். இங்கிலாந்தின் வியாபாரத்துக்கு வருடக்கணக்கு இருந்தது, கோடாக வரைந்தார். ஸ்கொட்லாந்துக்கு ஒரேயொரு வருடக் கணக்குத்தான் கையில் இருந்தது, அதனால் நாடு நாடாகச் சலாகை போட்டார். காலம் ஓடினால் கோடு, பொருள்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் சலாகை. அவருக்கு வந்த அதே தேவைதான் உங்களுக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. தையில் தொடங்காதீர்கள். எங்கள் மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். தையில் தொடங்கினால் ஒரு மாரியின் வாலை இடப்பக்கமும் அடுத்த மாரியின் தலையை வலப்பக்கமும் வெட்டி ஒட்டுகிறீர்கள். போன வருட எண்ணும் கையில் இருந்தால் ஒக்டோபரில் தொடங்கி செப்டெம்பரில் முடியுங்கள், நீர்ப்பாசனக்காரர் நீர் வருடம் என்று அப்படித்தான் எண்ணுவார்கள். அப்போது கதை ஒழுங்காக வரும்: மழை விழும், உவர் இறங்கும், பங்குனி சித்திரையில் மெல்ல ஏறும், ஆடி ஆவணியில் உச்சி.

ஏன் அப்படி என்றால், குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். எல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கும் மழைத்தண்ணீர். நன்னீர் பாரம் குறைவு, அடியில் நிற்கும் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. கைபன், ஹெர்ஸ்பேர்க் இருவரின் கணக்குப்படி, மேலே நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் கீழே உப்பு நீர் ஏறத்தாழ 40 அடி எழும்பப் பார்க்கும். மோட்டரைப் போட்டு இறைக்கும்போது நான் இதை ஒவ்வொரு கோடையும் நினைப்பேன். என்னுடைய வெங்காயத் தாள் நுனி கருகினால் எனக்குக் கருவி தேவையில்லை.

மழையையும் உவரையும் ஒரே படத்தில் இடது அச்சு, வலது அச்சு என்று போடாதீர்கள். அச்சை இழுத்து இழுத்து எதையும் எதோடும் பொருந்த வைக்கலாம். மேலே மழைக்குச் சலாகை, கீழே உவருக்குக் கோடு, இரண்டுக்கும் ஒரே மாத வரிசை. அது போதும்.

சட்டம்பியார்:

நல்லாகச் சொன்னீர்கள் தம்பி. ஒன்று சேர்க்கிறேன். கோடு என்றால் அச்சு பூச்சியத்தில் தொடங்காவிட்டாலும் பரவாயில்லை, அங்கே பார்ப்பது ஏற்ற இறக்கம். சலாகைக்கு அந்தச் சலுகை கிடையாது, அங்கே நீளமே எண். 900 இல் வெட்டித் தொடங்கினால் 1000க்கு ஒரு பங்கு, 1100க்கு இரண்டு பங்கு உயரம் தெரியும். பத்து சதவீத வித்தியாசம் இரட்டிப்பாகிவிடும்.

ஆங்கில ரீச்சர்:

பாடசாலை விட்டு இப்போதுதான் வந்தேன். பிள்ளையின் வசனத்தை வாசித்தவுடன் எழுத வேண்டும் போல் இருந்தது, ஏனென்றால் 20 வருடமாக இந்த ஒரே வசனத்தைத்தான் நான் திருத்திக்கொண்டு இருக்கிறேன். இது கவலையீனம் இல்லை. தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைதான் இந்தப் பிழையை விடும்.

தமிழில் "என்று" ஒரு பெட்டி மாதிரி. ஆச்சி சொன்னதை உள்ளே அப்படியே வைத்து மூடிவிடலாம். "நான் குடிக்கிறதில்லை என்று ஆச்சி சொன்னா." உள்ளே இருக்கும் "நான்" ஆச்சிதான், எவருக்கும் சந்தேகம் வராது. காலமும் மாறாது, சொன்னது இறந்தகாலம், குடிக்கிறது நிகழ்காலமாகவே நிற்கும். ஆங்கிலத்தில் மேற்கோள் குறி போட்டால் மட்டும்தான் அப்படிப் பெட்டி கிடைக்கும். "தட்" பெட்டி இல்லை. அதற்குப் பிறகு பேசுவது நீங்கள். ஆகவே உங்கள் வசனத்தில் "ஐ" என்றால் நீங்கள்தான் அந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை என்று ஆகிவிட்டது. ஆச்சியின் வாயில் இருந்ததை உங்கள் வாய்க்கு மாற்றும்போது, ஆள் மாறும், இடம் மாறும், காலமும் ஒருபடி பின்னே போகும்.

அடுத்தது "டோல்ட்". தமிழில் சொன்னான் ஒன்றுதான், யாருக்கு என்பது விருப்பம். ஆங்கிலத்தில் "டோல்ட்" வந்தால் யாருக்கு என்பது கூடவே வர வேண்டும்: டோல்ட் மீ, டோல்ட் அஸ். ஆள் இல்லாவிட்டால் "செட்". மூன்றாவது கோடு "ட்ரிங்கிங்" கீழே விழுந்திருக்கும். ஆச்சி அந்த நிமிடத்தைச் சொல்லவில்லை, வழக்கத்தைச் சொன்னா. ஆகவே: "ஷீ செட் தட் ஷீ டிட் நொட் ட்ரிங்க் தட் வோட்டர்." கவனித்தீர்களா, "திஸ்" போய் "தட்" வந்துவிட்டது. நீங்கள் இப்போது அந்தக் கிணற்றடியில் நிற்கவில்லை.

கேள்வியைக் கொண்டுபோவதுதான் இன்னும் கஷ்டம். "எங்கே அள்ளுறீங்கள் என்று கேட்டேன்." பிள்ளைகள் எழுதுவது, "ஐ ஆஸ்க்ட் ஹேர் தட் வேர் டிட் ஷீ கெட் த வோட்டர்." என்றுக்குத் "தட்" என்று மனதில் பதிந்துவிட்டது. கேள்விச்சொல் இருக்கும்போது "தட்" வராது, "டிட்"டும் போய்விடும், ஏனென்றால் இப்போது அது கேள்வியே இல்லை: "ஐ ஆஸ்க்ட் ஹேர் வேர் ஷீ கொட் த வோட்டர்." ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குத் தமிழில் ஓர் "ஆ" போதும். கிணறு வத்தினதா என்று கேட்டேன். அந்த ஆகாரத்தின் வேலையை ஆங்கிலத்தில் "இஃப்" செய்யும்: "ஐ ஆஸ்க்ட் இஃப் த வெல் ஹாட் ட்ரைட் அப்." வத்தினது ஏற்கெனவே இறந்தகாலம், இன்னும் பின்னே போக "ஹாட்" துணைக்கு வருகிறது.

"கேட்டேன்" என்பதும் ஒரு வலை. நான் வினவியதும் கேட்டேன், காதில் விழுந்ததும் கேட்டேன். ஒன்று "ஆஸ்க்ட்", மற்றது "ஹேர்ட்". கணக்கெடுப்பு அறிக்கையில் இது மாறினால் முழு அறிக்கையும் மாறும்.

பழகுவதற்கு நான் வகுப்பில் செய்விப்பது தூது. மூன்று பேர் போதும். ஒருவர் இரண்டாமவருக்குத் தமிழில் ஏதாவது சொல்ல வேண்டும். அவர் அடுத்த அறைக்குப் போய் மூன்றாமவருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மூன்றாமவர், முதலாமவர் என்ன சொல்லியிருப்பார் என்று தமிழில் எழுத வேண்டும். கடைசியில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் ஆள் எங்கே மாறினது, நாள் எங்கே மாறினது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். வீட்டில் தனியே என்றால் அம்மாவின் வொயிஸ் மெசேஜ் எடுங்கள்: "வரேக்க அரை இறாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வா." "மை மதர் டோல்ட் மீ டு பை ஹாஃப் எ லோஃப் ஒவ் பிரெட் ஒன் த வே ஹோம்." ஏவலுக்கு "டு", விலக்கலுக்கு "நொட் டு". ஒரு நாளைக்கு ஐந்து வசனம், ஒரு மாதம்.

பத்திரிகைப் பொடியன்:

ரீச்சர், ஒரு சந்தேகம். ஆங்கிலப் பேப்பரில் நாங்கள் வாசிக்கும் செய்தியில் காலம் எப்போதும் பின்னே போவதில்லையே. "மினிஸ்டர் செட் த ரோட் இஸ் க்ளோஸ்ட்" என்றும் வருகிறது. அவர்கள் பிழையா எழுதுகிறார்கள்?

ஆங்கில ரீச்சர்:

பிழை இல்லை தம்பி. சொன்ன விசயம் இன்றைக்கும் அப்படியே இருந்தால், அதை நீங்களும் ஏற்றுக்கொண்டால், நிகழ்காலத்தை விடலாம். கடல்நீர் நன்னீரை விடப் பாரம் என்று ஆசிரியர் சொன்னார் என்றால் "இஸ் ஹெவியர்" என்றே எழுதலாம், அது நேற்றும் இன்றும் ஒன்றுதான். "ஷீ சேய்ஸ்" என்று சொல்லும் வினை நிகழ்காலமாக நின்றாலும் உள்ளே ஒன்றும் நகராது.

இதனால்தான் இந்தப் பிள்ளையின் வசனத்துக்குக் காலம் முக்கியம் என்கிறேன். கேட்டது ஆவணியில், எழுதுவது மார்கழியில். தோட்டக்காரர் சொன்னபடி பார்த்தால் இடையில் தண்ணீரே மாறியிருக்கும். ஒரு வீட்டில் "தண்ணி உவர்க்குது" என்று சொன்னார்கள் என்று வையுங்கள். "தே செட் த வோட்டர் இஸ் சோல்டி" என்று இன்று எழுதினால், மழைக்குப் பிறகும் உவர்க்கிறது என்று நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். அளக்காமல் அதைச் சொல்ல முடியாது. "வோஸ்" போடுங்கள்.

இன்னொரு சிறு விசயம். "கிளெய்ம்ட்" என்ற சொல்லை அறிக்கையில் தாராளமாகப் போடுகிறார்கள். அதற்குள் "நான் நம்பவில்லை" என்ற வாசம் இருக்கிறது. வாசலில் இருத்தி, தேத்தண்ணி தந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன அயலட்டைச் சனத்துக்கு அந்தச் சொல் தகாது. "செட்" போதும்.

புலம்பெயர் அப்பு:

கனடா, ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன், ஊர் சாவகச்சேரிப் பக்கம். இங்கே ஒரு நிகழ்வுக்கு யாழ் மாவட்டச் சனத்தொகையைப் பற்றிப் பேரப்பிள்ளை ஒரு கோட்டு வரைபு போட்டுக் காட்டினான். 1971, 1981, 2012, மூன்று புள்ளி, நடுவில் நேர்கோடு. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை, இங்கே கேட்கலாம் என்று வந்தேன்.

1981 குடிசன மதிப்பில் மாவட்டத்தில் ஏறத்தாழ 8 இலட்சத்து 30 ஆயிரம் பேர். 2012 இல் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். ஆனால் 1981 இல் கிளிநொச்சி யாழ் மாவட்டத்துக்குள் இருந்தது, 1984 இல்தான் தனி மாவட்டம் ஆனது. கிளிநொச்சியைக் கழித்தால் 1981 இல் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம். அவன் கழிக்காமல் போட்டிருக்கிறான். அது திருத்தலாம். என்னை வருத்தியது அந்த நேர்கோடு. 1991 இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001 இல் நாட்டில் நடந்தது, வடக்கில் முழுதாக நடக்கவில்லை. அந்த 31 வருடத்தில் சனம் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே அளவாகக் குறைந்த மாதிரி அந்தக் கோடு காட்டுகிறது. 1995 ஒக்டோபர் கடைசியில், சண்டை நெருங்க, ஒரே இரவில் வலிகாமச் சனம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நான் அந்த வழியில் நின்று தண்ணீர் கொடுத்தவன். அது அந்தக் கோட்டில் எங்கே இருக்கிறது?

சட்டம்பியார்:

அண்ணை, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. எண்ணாத இடத்தில் கோடு போகக்கூடாது. இரண்டு புள்ளியை இணைத்தாலே, இடையில் இருந்ததும் எனக்குத் தெரியும் என்று சொன்ன மாதிரி. 1971, 1981, 2012 என்று புள்ளிகளை மட்டும் வைத்து, நடுவில் வெளியாக விட்டு, "1991 இல் கணக்கெடுப்பு இல்லை, 2001 இல் வடக்கில் முழுமையில்லை" என்று அந்த வெளிக்குள்ளேயே எழுதச் சொல்லுங்கள். 1971 எண்ணும் கிளிநொச்சி சேர்ந்ததுதான், அதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். வருடங்களுக்கிடையிலான தூரமும் கவனம். 10 வருடத்துக்கும் 31 வருடத்துக்கும் எக்செல் ஒரே இடைவெளி விடும், வருடத்தை வெறும் பெயராக எடுத்தால். புள்ளிப்பரம்பல் வகையைத் தெரிந்தெடுத்தால் தூரம் சரியாக வரும்.

அந்த வெறும் இடம் படத்துக்குக் குறை இல்லை அண்ணை. அந்தப் படத்தில் பார்க்க வேண்டிய இடமே அதுதான்.

ஆங்கில ரீச்சர்:

அப்பு எழுதியதை வாசித்துவிட்டு யோசித்தேன். தமிழில் நாங்கள் காணாத ஒன்றைச் சொல்லும்போது ஓர் "ஆம்" சேர்க்கிறோம். மழை வருமாம். தண்ணி உவராம். நான் பார்க்கவில்லை, இன்னொருவர் சொன்னது என்பதை அந்தச் சின்ன ஒட்டே காட்டிவிடும். ஆங்கிலத்தில் அதற்கு "ஷீ செட்" வேண்டும். வரைபுக்கோ அந்த "ஆம்" எங்குமே இல்லை. சலாகை வரைந்தவுடன் நேரில் கண்ட மாதிரி நிற்கிறது. பிள்ளை, உங்கள் வரைபின் தலைப்பு என்ன?

ஒழுங்கைக் கிணறு:

"குடிக்கத் தகுந்த தண்ணீர் உள்ள வீடுகள்" என்று ஒன்று, "கிணற்று நீர்ப் பாவனை" என்று ஒன்று ரீச்சர்.

தோட்டக்காரன்:

முதலாவது தலைப்பை இன்றைக்கே மாற்றுங்கோ தங்கச்சி, இது விளையாட்டில்லை. உவர் நாக்குக்குத் தெரியும். நைத்திரேற்று தெரியாது. எங்கள் தோட்டங்களுக்குப் போடும் யூரியா சுண்ணாம்புக்கல் வழியாகக் கிணற்றுக்குள் இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீட்டருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று, அதற்கு மேலே போனால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. தெளிவாக, தித்திப்பாக இருக்கும் தண்ணீரிலும் அது இருக்கலாம், கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே அந்த வீடுகளில் இருப்பது "நல்லது என்று அவர்கள் சொன்ன" தண்ணீர். தகுந்ததா என்று ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும்.

ஒழுங்கைக் கிணறு:

இரண்டு நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். வரைபை மாற்றி அச்செடுத்துக்கொண்டு நேற்றுப் பின்னேரம் அந்த ஆச்சி வீட்டுக்குப் போனேன். ஒழுங்கை முழுக்கத் தண்ணீர், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்தேன். ஆச்சி கண்ணாடியைப் போட்டு, சலாகைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தா. "குடிக்க, 12" என்ற இடத்தில் விரலை வைத்து, "இதுக்குள்ள நான் இல்லைத்தானே?" என்று கேட்டா. இல்லை ஆச்சி என்றேன். "இப்ப குடிக்கிறன் பிள்ளை. மழைக்குப் பிறகு எப்பவும் குடிக்கிறனான். நீ வந்தது ஆவணியில எல்லே."

வீட்டுக்கு வந்து தலைப்பை மாற்றினேன்: "கிணற்று நீரை எதற்குப் பாவிப்பதாக 40 வீட்டார் சொன்னார்கள், ஆவணி மாதம்." வசனத்தை இப்படி எழுதியிருக்கிறேன், ரீச்சர் பாருங்கோ: "இன் ஓகஸ்ட் ஷீ செட் தட் ஷீ டிட் நொட் ட்ரிங்க் த வோட்டர். இன் டிசெம்பர் ஷீ டோல்ட் மீ தட் ஷீ வோஸ் ட்ரிங்கிங் இட் நௌ."

ஆங்கில ரீச்சர்:

ஆள் சரி, காலம் சரி, "டோல்ட் மீ" சரி. இரண்டாவது வசனத்தில் "ட்ரிங்கிங்" பொருந்துகிறது, மாரிக்கு மட்டும் நடக்கிற விசயம். கடைசியில் உள்ள "நௌ" மட்டும் ஆச்சியுடையது. அதை எடுத்துவிட்டு "அகெய்ன்" போடுங்கோ. தோட்டக்காரர் சொன்ன பரிசோதனைக்கு ஒரு போத்தல் தண்ணீரும் ஆச்சியின் கிணற்றிலிருந்து எடுத்துக்கொண்டு போங்கோ பிள்ளை.